முடிக்கப்படாத இசைத்தட்டுகளை முடித்து வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கலைந்துபோன இசைக்குழுக்களின் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்து மறுவெளியீடு செய்யும் நிறுவனத்தாருக்கும், அத்தொகுப்புகளுக்குப் பொறுப்பேற்கும் தொகுப்பாசிரியர்களுக்கும், ஒலிப்பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு குழு பாதியில் விட்டுச் சென்ற ஒலிப்பதிவைப் பின்னாளில் நீங்கள் நிறைவு செய்து வெளியிடும்போது, அந்தக் காலத்தில் வாசிக்கப்பட்டது எது, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது எது என்பதைப் பாட்டுக்குப் பாட்டு, வாத்தியத்துக்கு வாத்தியம் தெரியும்படி எழுதிவையுங்கள். சேர்க்கை எதுவும் இல்லாத மூல வடிவத்தையும் அதே தொகுப்பில் கொடுங்கள். சின்ன வேண்டுகோள்தான்; ஆனால் எனக்குப் பிடித்த ஒரு குழுவின் கதையைச் சொன்னால்தான் இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது விளங்கும்.

அந்தக் குழுவின் பெயர் ஃபாதரிங்கே. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடல் மரபையும் ராக் இசையையும் இணைத்த இந்த ஐவர் குழு 1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உருவாகி, 1971 ஜனவரியில் கலைந்தது. முழுதாக ஓராண்டுகூட நிலைக்காத இந்தக் குழு உயிரோடிருந்தபோது வெளியிட்டது ஒரே ஒரு நெடுந்தட்டு. அதைக் குறித்து இன்று கடைகளில் கிடைப்பதோ அதைப்போல் பல மடங்கு. 2008இல் ‘ஃபாதரிங்கே 2’ என்ற பெயரில் ஒரு தட்டு வந்தது. 2015இல் மூன்று குறுவட்டுகளும் ஒரு காணொளி வட்டும் கொண்ட பெட்டித் தொகுப்பு வந்தது. முதல் தட்டு, ஆரம்ப மாதிரிப் பதிவுகள், இரண்டாம் தட்டு என்று சொல்லப்படுவது, 1970இல் ராட்டர்டாமில் நடந்த நேரடி நிகழ்ச்சி, ஜெர்மனியின் ‘பீட் கிளப்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்த பாடல்கள் என எல்லாம் அதில் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஒரு குழு வாழ்ந்த காலத்தைவிட அதை நினைவுகூரும் காலம் நீண்டுபோனதில் எனக்கு மகிழ்ச்சியே. இந்தத் தொகுப்புகள் வராதிருந்தால், லண்டனிலிருந்து இத்தனை தொலைவில், இத்தனை ஆண்டுகள் கழித்து, என்னைப் போன்ற ஒருவர் அதன் பாடகி ஸாண்டி டென்னியின் குரலைக் கேட்டிருக்க வழியில்லை. ஆகவே இது நன்றி மறந்த புகார் அல்ல.

குழு எப்படித் தோன்றியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் பாடகியாக இருந்த ஸாண்டி டென்னி, 1969இன் இறுதியில், அக்குழு பிரிட்டிஷ் நாட்டுப்புற ராக் இசையின் போக்கையே மாற்றிய தட்டை வெளியிட்ட அதே காலத்தில், அதிலிருந்து விலகினார். பழம்பாடல்களை மட்டும் பாடிக்கொண்டிருப்பதைவிடத் தாமே எழுதிய பாடல்களைப் பாட அவர் விரும்பினார். அதோடு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து லண்டனில் பாடிக்கொண்டிருந்த ட்ரெவர் லூகஸைப் பிரிந்து ஊர் ஊராகப் பயணம் செய்யவும் அவருக்கு மனமில்லை. லூகஸும் டிரம்ஸ் வாசித்த ஜெரி கான்வேயும் எக்லெக்‌ஷன் என்ற குழுவிலிருந்து வந்தவர்கள். பேஸ் கிதாரில் பாட் டொனால்ட்சன், முதன்மைக் கிதாரில் ஜெரி டொனஹ்யூ என்று ஐவரானார்கள். ஸ்காட்லாந்து அரசி மேரியைச் சிறைவைத்து 1587இல் தலை துண்டித்த கோட்டையின் பெயரில் டென்னி முன்பே ஒரு பாடல் எழுதியிருந்தார். அதே பெயரைக் குழுவுக்கும் வைத்தார்கள். பெயரே பிற்காலத்தில் நடக்கவிருந்ததைச் சொல்லிவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அத்தகைய சோதிடத்தில் நம்பிக்கையில்லை.

ஜோ பாய்டின் தயாரிப்பில், செல்ஸியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிக்கூடத்தில், ஜான் வுட் என்ற பொறியாளரின் கையால் பதிவான முதல் தட்டு, அப்போது சுயேச்சையாக நடந்துகொண்டிருந்த ஐலண்ட் நிறுவனத்தின் வெளியீடாக 1970 ஜூனில் வந்து, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 18ஆம் இடம் வரை சென்றது. லூகஸின் சகோதரி வரைந்த ஓவியம்தான் அதன் உறை. அந்தத் தட்டை இப்போது கேட்டால் ஒரு விஷயம் உடனே தெரியும்: அது சீரானதல்ல. டென்னி எழுதிய பாடல்களுக்கு நடுவில் நெட் கெல்லி என்ற ஆஸ்திரேலியக் கொள்ளையனைப் பற்றி லூகஸ் பாடுவது வேறு ஓர் உலகத்திலிருந்து வந்தது போல இருக்கும். இன்னொருவரின் பாடலை அவர்கள் எடுத்துப் பாடும் இடங்களில் குழு இன்னும் தன் குரலைத் தேடிக்கொண்டிருப்பது கேட்கும். ஆனால் கடைசியில் வரும் ‘பேங்க்ஸ் ஆஃப் தி நைல்’ என்ற பழம்பாடலில் அந்தத் தேடல் முடிந்துவிடுகிறது. எகிப்துப் போருக்குப் புறப்படும் காதலனிடம், தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு ஆண் உடையில் நானும் கூட வருகிறேன் என்று மன்றாடும் பெண்ணின் பாட்டு அது. ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் அந்தப் பதிவில் டிரம்ஸ் பெரும்பாலும் பின்னால் நின்று நடைபோடுகிறது. கிதார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. டென்னி ஒரே வரிக்குள் தாழ்ந்த குரலில் தொடங்கி உச்சிக்குச் சென்று, அங்கே நிற்காமல், மூச்சோடு மூச்சாக இறங்கிவிடுகிறார். ஐந்து பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பதால்தான் அந்தப் பாடல் அப்படி நிற்கிறது. இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

செப்டம்பரில் ‘மெலடி மேக்கர்’ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழின் வாசகர்கள் டென்னியை அந்த ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் பாடகியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அக்டோபர் 2ஆம் தேதி ராயல் ஆல்பர்ட் ஹாலில் குழு பெரிய நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. முதலில் பாட வந்தவர் அப்போதுதான் அமெரிக்காவில் பெயர் வாங்கித் திரும்பியிருந்த எல்டன் ஜான். அவர் அரங்கத்தைச் சூடேற்றிவிட்டுப் போன பிறகு, மென்மையாக வாசிக்கும் ஒரு குழு மேடையேறியதன் விளைவை ஊகித்துக்கொள்ளலாம். குழுவிடம், இங்கிலாந்தின் பழங்காலப் பெருங்கல் வட்டத்தின் பெயரால் ‘ஸ்டோன்ஹெஞ்ச்’ என்று செல்லப்பெயரிட்ட பிரம்மாண்டமான ஒலிபெருக்கி அமைப்பு ஒன்றும் இருந்தது. அதைத் தூக்கிச் செல்லவே தனிச் செலவு.

அந்த ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் இரண்டாம் தட்டுக்கான பதிவுகள் தொடங்கின. பாய்டுக்கு டென்னி தனியாகப் பாட வேண்டும் என்பதே விருப்பம். குழுவின் செலவும் அவருக்கு உவப்பாக இல்லை. அவர் அப்போது வார்னர் நிறுவனத்தில் வேலை ஏற்றுக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்படும் நிலையில் இருந்தார். குழுவைக் கலைத்தால் பாய்ட் தங்கித் தன் தனித்தட்டைத் தயாரிப்பார் என்று டென்னி எண்ணிக்கொண்டார், குழு கலைந்தது, பாய்ட் போய்விட்டார். இந்தத் தவறான புரிதலை விவரித்துப் பாய்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். தொகுப்புகளின் உறைக்குறிப்புகள் இதில் ஒரு வில்லனைத் தேட முனைவதை நான் பார்த்திருக்கிறேன். வில்லன் தேவையில்லை. பாதிப் பதிவான நாடாக்கள் அலமாரிக்குப் போயின என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

டென்னி 1978 ஏப்ரல் 21 அன்று, 31ஆம் வயதில், தலையில் ஏற்பட்ட காயத்தின் விளைவாக இறந்தார். லூகஸ் 1989இல் காலமானார். எஞ்சிய மூவரும், டொனஹ்யூவின் முன்முயற்சியில், 1970இன் நாடாக்களை மீண்டும் எடுத்துக் குறைபட்ட இடங்களில் புதிதாக வாசித்து நிரப்பி, மிக்ஸிங் செய்து, 2008இல் ஃப்ளெட்ஜ்லிங் என்ற சிறிய நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார்கள். அதுதான் ‘ஃபாதரிங்கே 2’.

அவர்களுக்கு அந்த உரிமை இல்லையா என்றால், வேறு எவருக்கும் இல்லாத உரிமை அவர்களுக்கு இருந்தது. அந்த அறையில் அன்று இருந்தவர்கள் அவர்கள். யாரோ வாடகைக்கு வந்த கலைஞர்கள் நாடாவின் மேல் வாசித்ததல்ல அது. தட்டும் நன்றாகவே இருக்கிறது. சொல்லப்போனால், முதல் தட்டைவிடச் சீராக இருக்கிறது. என் சிக்கலே அந்தச் சீரில்தான் தொடங்குகிறது. 1970இல் அவர்கள் சீராக இருந்தார்களா, அல்லது நாற்பது ஆண்டுக் கால அனுபவம் அந்தப் பிசிறுகளைத் துடைத்துவிட்டதா? ‘பேங்க்ஸ் ஆஃப் தி நைல்’ பாடலில் டிரம்ஸ் பின்வாங்கி நிற்பதை நான் வியந்தபோது, அது 1970இல் அந்த நொடியில் கான்வே எடுத்த முடிவு என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் தட்டில் அதே போன்ற ஓர் இடத்தை வியக்கும்போது, நான் வியப்பது டென்னியின் குரலைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டே வாசித்த இளைஞரையா, டென்னி இறந்து மூன்று பத்தாண்டுகளுக்குப் பிறகு ஹெட்ஃபோனில் அவர் குரலைக் கேட்டபடி வாசித்த முதியவரையா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் அழகானவையே. இரண்டாவது, ஒருவேளை, இன்னும் உருக்கமானது. ஆனால் அவை இரண்டு வேறு நிகழ்ச்சிகள். கேட்பவருக்கு எது எது என்று தெரிய வேண்டும்.

பல தட நாடாவின் தொழில்நுட்பமே இந்தக் குழப்பத்துக்கு இடம் தருகிறது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் கிடப்பதால், ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் மற்றவை அசையாமல் இருக்கும். குரலிலும் இதே நிலைதான். ஒலிக்கூடத்தில் வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்டுவதற்காகப் பாடகர் முதலில் உத்தேசமாகப் பாடிவைப்பார். பின்னொரு நாள் வந்து சரியாகப் பாடுவார். பல டேக்குகளிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒன்றாக்குவதும் உண்டு. பாதியில் நின்ற பதிவில் அந்தப் பின்னொரு நாள் வரவேயில்லை. நாடாவில் இருக்கும் குரல் அவர் இதுதான் என் பாட்டு என்று ஒப்புக்கொண்ட குரலா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுச் சென்ற குரலா என்பதைத் தொகுப்பவர்தான் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்மானம் எடுத்தேன், இன்ன காரணத்தால் எடுத்தேன் என்று கையெழுத்திடுங்கள் என்கிறேன்.

டென்னி உயிரோடு இருந்து முடித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதற்குக் கையிலேயே சான்று இருக்கிறது. இரண்டாம் தட்டுக்கென வைத்திருந்த ‘லேட் நவம்பர்’, ‘ஜான் தி கன்’ ஆகிய இரு பாடல்களும் 1971இல் வந்த அவருடைய முதல் தனித்தட்டில் இடம்பெற்றன. அங்கே அவற்றுக்கு வேறு அண்டை அயல் அமைந்தது. தட்டின் மனநிலையே வேறு. ஆக, அந்தப் பாடல்களை ஒருமுறை அவரே ஒப்புக்கொடுத்து விட்டார். 2008இன் தட்டு அவற்றை மறுபடியும் எடுத்து, இன்னொரு வரிசையில் வைத்து, ‘2’ என்று எண்ணிட்டபோது, 1971இன் தட்டு ஏதோ இடையில் நேர்ந்த விலகல் என்பது போலவும், உண்மையான தொடர்ச்சி இதுதான் என்பது போலவும் ஒரு தோற்றம் உண்டாகிறது. அந்த எண்ணை நான் ஒருபோதும் முழுமனதாக ஏற்றதில்லை. பாடல்களின் வரிசையை முடிவு செய்யாத, எது உள்ளே எது வெளியே என்று முடிவு செய்யாத ஒன்று, பதிவு அமர்வுகளின் தொகுதியாக இருக்கலாம். தட்டாக இருக்க முடியாது. ‘1970 நவம்பர் டிசம்பர் பதிவுகள்’ என்று நேர்மையாகப் பெயரிட்டிருந்தால் ஒரு பிரதியும் குறைவாக விற்றிருக்காது.

இதே கலைஞரின் விஷயத்தில் இன்னோர் உதாரணமும் உண்டு. டென்னி கடைசியாக நடத்திய பெரிய நிகழ்ச்சி 1977 நவம்பரில் லண்டன் ராயல்டி அரங்கில் நடந்தது. அந்தப் பதிவு 1998இல் ‘கோல்ட் டஸ்ட்’ என்ற பெயரில் குறுவட்டாக வெளிவந்தபோது, பழைய நாடாவின் குறைகளைச் சரிசெய்ய வாத்தியப் பகுதிகள் பலவற்றைப் புதிதாக வாசித்துச் சேர்த்திருந்தார்கள். உறையின் மேல் நேரடி நிகழ்ச்சி என்றே இருக்கிறது. ஒலிக்கூடப் பதிவில் நிரப்புவதையாவது ஒருவாறு புரிந்துகொள்ளலாம். நேரடி நிகழ்ச்சியின் முழு மதிப்பும் அன்று அந்த மேடையில் என்ன நடந்ததோ அதில்தானே இருக்கிறது? பாடகியின் குரல் 1977இல் இருக்க, அதைத் தாங்கும் கிதார் 1998இல் இருந்தால், மேடையில் அவர் எதைக் கேட்டு அப்படிப் பாடினார் என்பது நமக்குக் கிடைக்காமலே போகிறது. குரல் தாழ்ந்த ஓர் இடத்தில் அன்றைய கிதார் தடுமாறியதாலேயே தாழ்ந்திருக்கலாம். தடுமாற்றத்தை அகற்றிவிட்டால் தாழ்ந்ததன் காரணமும் போய்விடுகிறது.

தமிழில் பழைய நூல்களைப் படித்துப் பழகிய எவருக்கும் இந்தக் கவலை புதிதல்ல. பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்த செய்யுள்கள் மூலத்தோடு கலந்துவிட்டதால், பதிப்பாசிரியர்கள் சுவடி சுவடியாக ஒப்பிட்டு, ஐயத்துக்குரியவற்றை மிகைப்பாடல்கள் என்று பிரித்துத் தனியே அச்சிட்டார்கள். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் கொடுத்தார்கள். மிகைப்பாடல்களில் சில மூலத்துக்குச் சற்றும் குறையாதவை. ஆனாலும் அவற்றுக்குரிய இடம் வேறு என்பதில் நல்ல பதிப்பாசிரியர் எவரும் விட்டுக்கொடுத்ததில்லை. சுவடி எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று அவர்கள் நூற்றாண்டுகள் கழித்துத் துப்பறிய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. சேர்த்தவர் உங்கள் ஒலிக்கூடத்தில், உங்கள் கண்முன்னே அமர்ந்திருக்கிறார்.

நேர்மையாகச் செய்ய முடியும் என்பதற்குக் கொல்கத்தாவிலிருந்து ஒரு முன்மாதிரி காட்டுகிறேன். கௌதம் சட்டோபாத்யாய் தலைமையில் 1970களின் நடுவில் தொடங்கிய ‘மொஹீனேர் கோராகுலி’ என்ற வங்காளக் குழு, வங்காள நாடோடிப் பாடகர்களின் பாவுல் பாடல்களையும் மேற்கத்திய நாட்டுப்புற ராக்கையும் கலந்து, 1977 முதல் 1979 வரை ஆண்டுக்கொன்றாக மூன்று சிறிய தட்டுகளை வெளியிட்டு, அவை யார் கவனத்தையும் பெரிதாகப் பெறாத நிலையில், 1981இல் கலைந்தது. 1995இல் சட்டோபாத்யாய் திரும்பி வந்தபோது பழைய குழுவை உயிர்ப்பித்ததாகப் பாவனை செய்யவில்லை. இளைய பாடகர்களையும் குழுக்களையும் கூட்டி, பழைய பாடல்கள் சிலவற்றையும் புதிய பாடல்களையும் பாடவைத்து, ஜீவனானந்த தாஸின் கவிதை வரி ஒன்றைத் தலைப்பாக வைத்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதன் மீதும் அடுத்து வந்த தொகுப்புகளின் மீதும், மொஹீனேர் கோராகுலி பாடியது என்று போடாமல், அக்குழு தொகுத்தளித்தது என்றே போட்டார். கேட்பவருக்கு எந்த மயக்கமும் இல்லை. அந்தப் பாடல்கள் ஒரு தலைமுறையையே பற்றிக்கொண்டன. உண்மையைச் சொன்னதால் அவற்றின் கவர்ச்சி குறைந்ததாக வங்காளத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி, இந்த வேண்டுகோள் இப்போது ஏன் அவசரமாகிறது என்பதற்கு வருகிறேன். 2008இல் குறுவட்டை வாங்கியவரின் கையில் ஒரு கையேடு இருந்தது; மூவரும் பின்னாளில் வாசித்துச் சேர்த்தார்கள் என்ற செய்தியாவது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று ஸ்ட்ரீமிங் செயலியில் அதே பாடலைத் தட்டிக் கேட்பவருக்குத் தெரிவது குழுவின் பெயர், பாடலின் பெயர், சதுரமான ஓர் அட்டைப்படம், வெளியீட்டு ஆண்டு என்று ஓர் எண். அந்த எண் சில நேரங்களில் மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கும், சில நேரங்களில் முதல் வெளியீட்டின் ஆண்டாக இருக்கும். எதுவானாலும் ஒரு பாட்டுக்குள் இரண்டு காலங்கள் இருப்பதைச் சொல்ல அதில் இடமில்லை. கையேட்டில் நீங்கள் எழுதிய உண்மை அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆகவே கையேட்டில் சொல்லிவிட்டோமே என்ற பதில் போதாது. பாடலின் தலைப்பிலேயே, அடைப்புக்குறிக்குள், ‘1970 பதிவு, 2007 வரையிலான சேர்க்கைகளுடன்’ என்பது போல ஒரு குறிப்பைச் சேர்ப்பது உங்களால் இன்றே செய்யக்கூடியது. பழைய ஒலியை மெருகேற்றியதைக் குறிக்கும் ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லையும் ஆண்டையும் தலைப்பில் சேர்க்க நீங்கள் ஒருநாளும் தயங்கியதில்லையே.

சட்டமும் உங்களை அவசரப்படுத்துகிறது என்பதை அறிவேன். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக்காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீண்டபோது, அந்த நீட்டிப்பு வெளியிடப்பட்ட பதிவுகளுக்கே கிடைத்தது. பதிவாகி 50 ஆண்டுகள் வெளியிடாமல் கிடந்தால் உரிமை போய்விடும். அதனால்தான் பெரிய கலைஞர்களின் பழைய நாடாக்கள் வெறும் நூறு பிரதிகள் என்ற அளவில்கூடத் திடீரென்று வெளியிடப்படுகின்றன. 1970களில் ஓராண்டு, ஈராண்டு வாழ்ந்து மறைந்த குழுக்கள் எத்தனையோ. அவற்றின் நாடாக்களுக்கெல்லாம் இந்தக் கெடு வந்துகொண்டிருக்கிறது. அவசரத்தில் வெளியிடும்போது முதலில் பலியாவது உறைக்குறிப்புதான்.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய மறுமொழிகளையும் யோசித்துப் பார்த்தேன். வாத்தியத்துக்கு வாத்தியம் ஆண்டு எழுதினால் சாதாரண நேயர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று சொல்வீர்கள். நான்கு வட்டுகள் கொண்ட பெட்டியை விலை கொடுத்து வாங்குபவர் சாதாரண நேயர் அல்லர். ஆரம்ப மாதிரிப் பதிவையும் இறுதிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டு வேறுபாடு காண்பதற்கென்றே அவர் பணம் செலவிடுகிறார். அவரிடம் மூன்று விதமான ஒரே பாடலைக் கொடுக்கத் தயங்காத நீங்கள், அரைப் பக்க அட்டவணைக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? சேர்க்கை இல்லாத மூல வடிவம் அரைகுறையாக இருக்கும், இறந்தவரின் பெயருக்கு அது அழகல்ல என்று இன்னொரு வாதமும் வரலாம். இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். டென்னி தன் பதிவுகளைப் பற்றி ஒருபோதும் மனநிறைவு கொள்ளாதவர் என்று அவரோடு பணியாற்றியவர்கள் கூறியிருக்கிறார்கள். அரைகுறையானதை அவர் வெளிவிடச் சம்மதித்திருக்க மாட்டார் என்பதே உண்மையாக இருக்கலாம். ஆனால் அப்படிப் பார்த்தால் முழுமையாக்கப்பட்டதற்கும் அவர் சம்மதம் தந்தவரல்லர். இரண்டில் எது அவருக்கு அதிகத் துரோகம் என்ற வழக்கில் இறங்க எனக்கு விருப்பமில்லை. 2010இல் அவருடைய பதிவுகளில் ஏறத்தாழ அனைத்தையும் 19 குறுவட்டுகளில் அடக்கிய பெட்டி வந்தபோதே மாதிரிப் பதிவுகள், வீட்டுப் பதிவுகள் என எல்லாம் வெளியே வந்துவிட்டன. கதவு திறந்து நெடுநாளாகிவிட்ட பிறகு, பூசி மெழுகியது மட்டும்தான் மரியாதை என்று சொல்வது பொருந்தவில்லை.

ரீமாஸ்டர் செய்வோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. நாடாவின் இரைச்சலை நீக்குகிறோம் என்று கருவியை அதிகம் முடுக்கினால், டென்னி ஒரு வரியைத் தொடங்குமுன் எடுக்கும் மூச்சும் இரைச்சலோடு போய்விடுகிறது. ஒலியளவை ஒரே மட்டத்துக்கு உயர்த்தினால், அவர் தாழ்த்திப் பாடியதற்கும் உயர்த்திப் பாடியதற்கும் இருந்த தொலைவு சுருங்கிவிடுகிறது. அந்தத் தொலைவில்தான் அவருடைய கலையே இருந்தது. இதற்கு மேல் உங்கள் தொழிலை உங்களுக்குக் கற்பிக்க எனக்குத் தகுதியில்லை.

2015இல் அந்த மூவரும் மீண்டும் ஒன்றுகூடி, வேறு பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு, ஃபாதரிங்கே என்ற பெயரிலேயே மேடையேறினார்கள். மேடையில் எந்த ஏமாற்றும் இல்லை. பாடுவது யார் என்று எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். 2016இல் டொனஹ்யூவைப் பக்கவாதம் தாக்கியது. 2024 மார்ச்சில் ஜெரி கான்வே காலமானார். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் டிரம்ஸ் பழைய நாடாவிலிருந்து வந்தது, எந்த இடத்தில் அது புதிது என்று தன் கைகளின் நினைவிலிருந்தே சொல்லக்கூடியவராக இருந்தவர் அவர். இதே நிலையில் இன்னும் பல குழுக்கள் இருக்கின்றன. ஒரே ஒரு தட்டோடு நின்றுபோனவை, அந்த ஒன்றையும் முடிக்காமல் போனவை. அவற்றில் வாசித்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. நாடாப் பெட்டிகளின் மேல் பென்சிலில் எழுதிய குறிப்புகளும் மங்கிக்கொண்டு வருகின்றன. அடுத்த பெட்டித் தொகுப்புக்கான ஓவியரையும் காகிதத்தையும் தேர்வு செய்வதற்கு முன்னால், உயிரோடு இருப்பவர்களை ஒரு பிற்பகல் ஒலிக்கூடத்துக்கு அழையுங்கள். நாடாவைத் தடம் தடமாக ஓடவிட்டு, இது யார், இது எப்போது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி, அந்தப் பட்டியலை அடுத்த பதிப்பில் அச்சிடுங்கள், செயலிகளுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்புகளைத் தொடர்ந்து வாங்கிக் கேட்கும் நேயர் ஒருவர்